சாம்பிள் தூக்கம்

“வந்ததுலருந்து தூங்கிட்டேதான் இருக்கறமுங்க. தூங்கறதுக்கு இன்னும் ஒரு எடம் கெடைக்கலீங்க!”

சொன்னது பாவாத்தா. சொன்ன இடம் எழும்பூரில் ஒரு பஸ் ஸ்டாப். சொன்னபோது கண்ணை இறுக்க மூடியிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் புருஷன் சென்னியப்பன், அந்தப் பக்கம் கொழுந்தன் நாச்சிமுத்து, பெஞ்சின் ஓரத்தில் அவள் கூடப்பிறந்த தம்பி குழந்தைவேலு. நான்கு மடியிலும் பை. நான்கு பேருக்கும் கண் மூடல். பட்டப்பகல்.

“அவசரப்படாத,” என்றார் சென்னியப்பன், அவரும் கண்ணைத் திறக்காமலே. “எடம் புடிக்கறதுன்னா பாத்துத்தான் புடிக்கோணும்.”

“பாக்கத்தான் உட மாட்டீங்கறீங்களே!”

“சாம்பிள் ஓடிட்டிருக்குது. பேசாத.”

பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா இவர்களைப் பார்த்துவிட்டு, ஏதோ பிரார்த்தனை நடக்கிறது போல என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாராம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். அவரவர் அப்புறமாய் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதை நான்தான் கோத்து எடுத்தேன். அவர்கள் சொன்ன வரிசையில் கேட்டால் உங்களுக்கும் தூக்கம் வந்துவிடும்.

காங்கேயம் பக்கம் நெட்டவேலாம்பாளையத்தில் அரிசி மில் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மக்கள். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கம் நங்கை என்பார்கள். நான் மெட்ராஸ் நங்கை. கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் புத்தி கேட்க எனக்குத்தான் போன் வரும். கேட்டுக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். கஷ்டமே அதுதான். ஒரு தடவை பாவாத்தாவிடம், பாலை அடுப்பில் வைத்தால் கண்ணை எடுக்காதே என்று சொல்லித் தொலைத்தேன். பால் பொங்கி, வழிந்து, அடுப்பையே அணைத்ததை முழுக்க நின்று பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

பாவாத்தாவுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்று. கடலைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் புருஷனிடம் கேட்டாள். “ஆகட்டும்” என்றார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, பேரன் ஓடி விளையாடுகிறான். ‘ஆகட்டும்’ போட்ட இடத்திலேயே இருக்கிறது. இந்த வருஷம் மில்லில் பாய்லர் மாற்றுகிற வேலை வந்தது. மில்லைச் சாத்தினார்கள். வேறு வழியில்லாமல் சென்னியப்பன் டூர் என்று கிளம்பினார். பாய்லர் மாட்டிவிட்டால் அந்த மனிதரை மில்லை விட்டுக் கிளப்ப கிரேன்தான் வேண்டும். ஆக, இப்போது பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அது பாவாத்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

“எங்க தங்கறதுங்க நங்கை?” என்று சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது.

“எங்க வீட்லதான்,” என்றேன், மாதாவையும் முருகனையும் மனசுக்குள் சேர்த்துக் கூப்பிட்டபடி.

“அதெப்படீங்க? உங்கூட்ல தங்குனா அது ஒரம்பரை வந்ததாயிருமுங்க. நாங்க வர்றது டூருங்க.”

ஒரம்பரை என்றால் விருந்தாளி. மாதா, முருகன் இரண்டு பேரும் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த நிம்மதியில் கொஞ்சம் தாராளமாகவே புத்தி சொன்னேன். “எழும்பூர்னா ரயிலுக்குக் கிட்ட. தி.நகர்னா கடைக்குக் கிட்ட. மயிலாப்பூர்னா கோயிலு, கச்சேரி. பெசன்ட் நகர்னா கடல். எதுல நல்லாத் தூக்கம் வருமோ அந்த ஏரியாவாப் பாருங்க. முதல்ல அதை முடிவு பண்ணுங்க. முடிவு பண்ணிட்டு அப்புறம் ஊரைச் சுத்திப் பாருங்க. கண்ட இடத்துல ரூம் போட்டுட்டு எங்கிட்ட வந்து அழாதீங்க.”

இதில் என்ன தப்பு இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். உங்களிடம் சொல்லியிருந்தால் ஒரு தப்பும் இல்லை.

ரயிலில் ஏறியதும் ஆலோசனை ஆரம்பித்தது.

“பெசன்ட் நகரே போயர்லாமுங்க,” என்றாள் பாவாத்தா. “கடலும் ஆச்சு, தூக்கமும் ஆச்சு.”

“நல்லாருக்குதே! கடைசி மூட்டையவா மொதல்ல குத்துவாங்க?” என்றார் சென்னியப்பன்.

மூட்டை என்று எதைச் சொல்கிறார் என்றால், நெல் வாங்கும்போது அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. குத்தூசியை மூட்டைக்குள் செருகுவார்கள். உள்ளங்கையில் விழுகிற நெல்லை ஆளுக்கு ஒன்றாக வாயில் போட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கடிப்பார்கள். கண் திறந்திருந்தால் ஒருத்தர் முகத்தைப் பார்த்து இன்னொருத்தர் நாக்கு பொய் சொல்லுமாம். மூத்தவர் “ம், தொறங்க” என்றால்தான் திறக்க வேண்டும். நடுவில் யாராவது திறந்துவிட்டால் சாம்பிள் கெட்டது. மறுபடி முதல் மூட்டையிலிருந்து குத்த வேண்டும். அவர்கள் மில்லுக்கு நெல் கொண்டுவருகிற வியாபாரிகள் சாப்பாட்டுத் தூக்கோடுதான் வருவார்கள்.

“மச்சா,” என்றான் குழந்தைவேலு, “நெல்லக் கடிச்சுப் பாக்கறோம். ஏரியாவ எப்படீங்க கடிக்கறது?”

சென்னியப்பன் குத்தூசி பிடிப்பது போல விரலை நீட்டினார். “நங்கை என்ன சொன்னாங்க? தூக்கம் வர்ற ஏரியான்னாங்க. அப்ப ஒவ்வொரு ஏரியாவுலயும் செத்த நேரம் தூங்கிப் பாக்கோணும்.”

“சரீங்ண்ணா. ஆனா நடந்து போறப்ப ஊரு கண்ணுல பட்ருமுங்களே?” என்றான் நாச்சிமுத்து. “முடிவு பண்ணுனதுக்கு அப்பறந்தானுங்க சுத்திப் பாக்கச் சொன்னாங்க?”

நல்ல கேள்வி என்று மூன்று பேரும் அவனை மெச்சினார்கள். முடிவாகிற வரைக்கும் எதையும் பார்க்கக் கூடாது. தூங்கும்போது கண்ணை மூட வேண்டும், நடக்கும்போது தலையைக் குனிந்து முன்னால் போகிறவர் குதிகாலை மட்டும் பார்க்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

அப்படியே சென்ட்ரலில் இறங்கினார்கள். நாலு பேரும் வரிசையாக, தலை குனிந்து, வாய் பேசாமல் வருவதைப் பார்த்த ஒரு ஆட்டோக்காரர் கழுத்துத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“யார்னா தவறிட்டாங்களா சார்?”

“இல்லீங்க. டூரு வந்திருக்கறம்.”

அவர் துண்டைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். “எங்க போவணும்?”

“நல்லாத் தூக்கம் வர்ற ஏரியா எதுங்க?”

“நமக்கு சிக்னல்லயே வரும் சார்.”

“அண்ணா!” என்று துள்ளினான் நாச்சிமுத்து. “சிக்னல்னு ஒரு ஏரியா இருக்குதாமா! நங்கை சொல்லவே இல்லீங்களே!”

“சொல்லாத மூட்டையக் குத்தக் கூடாது,” என்றார் சென்னியப்பன். “எழும்பூர் போங்க.”

எழும்பூர் பஸ் ஸ்டாப்பில் சாம்பிள் நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு குறை. பஸ் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். இந்த ஏரியாவில் பஸ் வந்தால் எழுந்துகொள்ள வேண்டும் என்று ஏதோ முறை இருக்கிறது போல என்று இவர்களும் கண்ணை மூடியபடியே மரியாதைக்கு எழுந்து நின்று, பஸ் போனதும் உட்கார்ந்தார்கள். இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் சென்னியப்பனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. “தூக்கம் நயம். மரியாதை சாஸ்தி,” என்று தீர்ப்புச் சொல்லி, “ம், தொறங்க” என்றார்.

அடுத்து தி.நகர். கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுச் சேலை மாடியில் விட்டது. அங்கே சோபாவில் ஏற்கெனவே வரிசையாக ஆண்கள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டிமார் சேலை எடுக்கிறார்கள் அல்லவா.

“பாருங்ண்ணா, எத்தன பேரு!” என்றான் நாச்சிமுத்து, குனிந்த தலையோடு அவர்கள் கால்களை மட்டும் பார்த்து. “ஏரியான்னா இது ஏரியா!”

மூன்று பேரும் இடுக்கில் சொருகிக்கொண்டு கண்ணை மூடினார்கள். சோபாவில் இடம் இல்லாததால் பாவாத்தா கவுன்ட்டருக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

சேலை காட்டுகிற தம்பி ஒரு பச்சையை உதறிப் போட்டார். பாவாத்தா கண்ணைத் திறக்கவில்லை. ஊதாவைப் போட்டார். திறக்கவில்லை. “இது புது டிசைன்மா, நேத்துதான் வந்துச்சு.” ம்ஹூம். தம்பிக்கு வேர்த்துவிட்டது. சீனியரைக் கூப்பிட்டார். சீனியர் இன்னும் மேல்தட்டிலிருந்து எடுத்துப் போட்டார். பாவாத்தா பெருமூச்சு விட்டாள். அது அவள் கடலை நினைத்து விட்ட மூச்சு. சீனியர் அதைக் கேட்டு ஒடிந்தே போனார்.

“என் சர்வீஸ்ல இப்படி ஒரு கஸ்டமரைப் பாத்ததில்ல. கண்ணைத் திறக்கிற அளவுக்குக்கூட ஒண்ணும் பிடிக்கலையாம்!”

மானேஜர் வந்தார். கண்ணாடி அலமாரி திறந்தது. மற்ற கவுன்ட்டர்களிலிருந்து பெண்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். கடைசியில் மானேஜரே தன் கையால் ஒரு மாம்பழக் கலரை, அரக்கு பார்டரோடு, மெதுவாக விரித்தார். கூட்டமே “ஆஹா” என்றது. அத்தனை பேர் ஆஹா சொன்னால் எந்தப் பொம்பளைக்குத்தான் தாங்கும்? பாவாத்தாவின் வலது கண் ஒரு நூல் திறந்துவிட்டது.

“தொறந்துட்டாங்க! மேடம் தொறந்துட்டாங்க!” மாடி முழுக்கக் கைதட்டல். அந்தச் சத்தத்தில் சோபா வரிசை மொத்தமும் எழுந்து, பில் போட்டாகிவிட்டது என்று நினைத்துப் படியிறங்க ஆரம்பித்தது.

“பேக் பண்ணிடலாமா சார்?” என்றார் மானேஜர், கண்ணில் நீரோடு.

“நாங்க ஏரியா எடுக்கத்தானுங்க வந்தோம்,” என்றார் சென்னியப்பன். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினார். கோபமே இல்லை, துக்கம்தான். “சாம்பிள் கெட்டுப்போச்சு. மறுக்கா மொதல் மூட்டை.”

அப்படித்தான் மறுபடி எழும்பூர் பஸ் ஸ்டாப். நான் முதலில் சொன்ன சண்டை அங்கேதான் நடந்தது. மறுபடி மரியாதை, மறுபடி முழங்கால். மறுபடி தி.நகர் போனபோது பாவாத்தா புருஷனின் துண்டை வாங்கிக் கண்ணில் கட்டிக்கொண்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளைத் தூரத்தில் பார்த்ததும் மானேஜர் லீவு போட்டுவிட்டார்.

இரவெல்லாம் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஸ்டேஷன் நாற்காலியில் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள். பகல் பூராவும் தூங்கினால் இரவில் எங்கே வரும்? ஆனால் சென்னியப்பன் விடிந்ததும் எனக்குப் போன் போட்டுச் சொன்ன விதமே வேறு.

“நங்கை, ஒண்ணு கண்டுபுடிச்சோமுங்க. மெட்ராஸ்ல பகல்ல அருமையாத் தூக்கம் வருதுங்க. ராத்திரி மட்டும் வர மாட்டீங்குது. தண்ணிக் கோளாறுங்களா?”

நான் போனைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் துவைத்தேன். துணியைத்தான்.

மயிலாப்பூரில் இவர்கள் நுழைந்தது ஒரு சபா. ஏ.சி., மெத்து நாற்காலி, மேடையில் ஒரு அம்மா நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து உட்கார்வதற்கு முன்பே தூங்கிவிட்டான். பக்கத்து நாற்காலி மாமா திரும்பிப் பார்த்தார். நாலு பேரும் கண்ணை மூடி, தலை மெல்ல ஆடி, ஆடி.

“பாரும் ஓய்,” என்று அடுத்தவர் தொடையைத் தட்டினார். “என்ன ரசனை! கண்ணையே திறக்கலை. நாமளும் கேக்கறோமே, மசால்வடையை நினைச்சுண்டு.”

அடுத்தவருக்கு ரோஷம் வந்து அவரும் கண்ணை மூடினார். அவரைப் பார்த்து முன்வரிசை மூடியது. தாங்கள் மட்டும் ஞானசூனியமா என்று பின்வரிசையும் மூடியது. கொஞ்சநேரத்தில் சபா மொத்தமும் கண்ணை மூடி, அதில் முக்கால்வாசி நிஜமாகவே தூங்கிப்போயிற்று. மேடையில் அந்த அம்மாவுக்கோ உடம்பு புல்லரித்தது. இப்படி ஒரு சபையை ஜன்மத்தில் பார்த்ததில்லை என்று, முடிக்க வேண்டிய ராகத்தை முதலிலிருந்து எடுத்தார்.

தூங்காத ஒரே ஆள் பாவாத்தா. “ஏனுங்க சாமி,” என்று மாமாவிடம் மெல்லக் கேட்டாள், கண்ணைத் திறக்காமலே. “இங்கிருந்து கடலு எத்தன தூரமுங்க?”

“பொடிநடையாப் போயிடலாம்மா. காத்துகூட அங்கேர்ந்துதான் வரது.”

பாவாத்தா கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இப்போது திறந்தால் மறுபடி எழும்பூர். அன்றைக்கு இரவு ஊருக்குத் திரும்புகிற ரயில் வேறு.

கச்சேரி முடிந்து விளக்கு போட்டதும் சென்னியப்பன் சபா செக்ரட்டரியைத் தேடிப் போனார். “தூக்கம் மொதல் தரமுங்க. ஆனா பாட்டு நின்னதும் தூக்கமும் நின்னுபோகுது. ரூமு கூட வேண்டாமுங்க. அந்தம்மாவ விடியற வரைக்கும் பாடச் சொல்ல முடியுங்களா?”

செக்ரட்டரி என்ன சொன்னார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த போன் சபாவுக்கு வெளியே தெருவிலிருந்துதான் வந்தது.

“இன்னைக்கு ராத்திரி ரயிலு!” என்று நான் கத்தினேன். “இன்னுமா எங்க தங்கறதுன்னு பாத்துட்டிருக்கீங்க?”

“ஆமாங்க நங்கை. அவசரத்துல கெட்டது எடுத்துட்டா ஊர்ல கேப்பாங்களே.”

“போனைப் பாவாத்தாகிட்டக் குடுங்க. ஏய், பாவாத்தா! கண்ணைத் தொற. நேரா கடலுக்குப் போ. பாரு. முடிஞ்சுது.”

“அவரு தொறக்கச் சொல்லோணுமுங்க அக்கா. நா தொறந்தா மறுக்கா மொதல் மூட்டைன்னுருவாரு. அப்பறம் ரயிலுதான் இருக்கும். கடலு இருக்காதுங்க.”

சொல்லப்போனால் அந்தக் கும்பலில் கணக்கு சரியாகப் போட்டவள் அவள் ஒருத்திதான். நான் சென்னியப்பனைப் பிடித்துக்கொண்டேன். “பெசன்ட் நகர்ல போய் உங்க கடைசிச் சாம்பிளை எடுத்துத் தொலைங்க. எடுத்த கையோட அவளைக் கண்ணைத் தொறக்கச் சொல்லணும். சொல்லுவீங்களா, மாட்டீங்களா?”

“மொத வேலையாச் சொல்றனுங்க நங்கை. நா எந்திரிச்சதும் மொதப் பேச்சு அதுதான். என்ற வாக்குங்க.”

வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். அதனால் நிம்மதியாகப் போனை வைத்தேன். எனக்கும் புத்தி மட்டுதான்.

பெசன்ட் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். முன்னால் சென்னியப்பன், அவர் குதிகாலைப் பார்த்தபடி தம்பி, தம்பி குதிகாலைப் பார்த்தபடி மச்சான், கடைசியில் பாவாத்தா. குனிந்த தலைக்குத் தார் ரோடு தெரிந்தது. அப்புறம் மணல் தெரிந்தது. ஒரு சிப்பி தெரிந்தது. அதற்குமேல் தலையைத் தூக்கவில்லை. தூக்கவில்லை என்பதை அவள் என்னிடம் அடித்துச் சத்தியம் செய்தாள்.

“உக்காருங்க. மூடுங்க,” என்றார் சென்னியப்பன்.

மூடினார்கள். காற்று முகத்தில் அறைந்தது. எதிரே கும்மென்று ஒரு இரைச்சல், நிற்காமல்.

“என்ன சத்தமுங்ண்ணா?” என்றான் நாச்சிமுத்து.

“மில்லு ஓடுது.”

“இங்கியும் மில்லுங்களா?”

“பெரிய மில்லா இருக்குதப்பா. ராவும் பகலும் ஓட்டறாங்க போல.”

“நெல்லு அவிக்கற வாசமே காணமுங்களே மச்சா,” என்றான் குழந்தைவேலு, கொட்டாவியோடு. “உப்பு வாசமல்ல அடிக்குது.”

“கருவாட்டு மில்லா இருக்கும்.”

“அது கடலுங்க!” என்றாள் பாவாத்தா.

“நீ பாத்தியா?”

“பாக்கலீங்க.”

“பாக்காம எப்படிச் சொல்ற? பேசாத. சாம்பிள்.”

இதில் எனக்கே தோன்றாமல் போன ஒரு விஷயம் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் மில் காம்பவுண்டுக்குள் பிறந்து, மில் இரைச்சலில் தொட்டிலாட்டப்பட்டவர்கள்; குழந்தைவேலு அக்காவோடு வந்து அங்கேயே வளர்ந்தவன். மில் நின்ற நாளிலிருந்து அவர்கள் யாருமே நிஜமாகத் தூங்கவில்லை. மெட்ராஸுக்கு வந்து தூங்கியதெல்லாம் சாம்பிள். இதுதான் மூட்டை.

நாச்சிமுத்து அப்படியே மணலில் சாய்ந்தான். குழந்தைவேலு அவன்மேல் சாய்ந்தான். சென்னியப்பன், “அருமையான ஏரியா. இங்கியே ரூமு…” என்று ஆரம்பித்தவர், பையைத் தலைக்குக் கொடுத்து மல்லாந்தார். அந்தக் குறட்டையில், பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து, ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு இடம் தேடிப் போனது.

பாவாத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சுண்டல்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பலூன்காரர் போனார். ஒரு குழந்தை அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்து, “அம்மா, இந்த ஆன்ட்டி கடலுக்கு முன்னாடி உக்காந்து ஒளிஞ்சு பிடிச்சு விளையாடுறாங்க” என்றது. பாவாத்தா அசையவில்லை. இரைச்சல் கிட்டே வந்தது. ஜில்லென்று ஏதோ கால்விரலைத் தொட்டு, கணுக்காலைச் சுற்றி, சேலை ஓரத்தை நனைத்துவிட்டு ஓடிப்போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை சென்னியப்பனின் ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு போனது.

“ஏனுங்க,” என்றாள் பாவாத்தா. குறட்டை.

“கொழுந்தனாரே.” குறட்டை.

“தம்பி, சாமி.” அவனும்தான்.

அவள் கண்ணை நன்றாக இறுக்கிக்கொண்டு, நனைந்த காலை மடக்காமல் அப்படியே நீட்டி வைத்து, புருஷன் பக்கமாகக் குனிந்து மெல்லக் கேட்டாள்:

“ஏனுங்க, அதுவா வந்து காலத் தொட்டுத் தொட்டுக் கூப்புடுதுங்க. ஒரு கண்ணு மட்டும் தொறந்துக்கட்டுங்களா?”